ராத்திரி கயாக்குக்கு விளக்கு வாங்கப் போகிறீர்களா? லுமெனை அப்புறம் பார்க்கலாம்

துடுப்பால் ஓட்டும் குறுகலான சின்னப் படகான கயாக்கில் வைக்கிற பாதுகாப்பு விளக்கு நமக்கு வழி காட்டுவதற்கு இல்லை. எதிரே மோட்டார் படகில் வருகிறவர் கண்ணில் நாம் பட வேண்டும், அதற்குத்தான். இதை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால், அட்டையில் ஆயிரக்கணக்கில் லுமென் (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) போட்ட ஒரு பெரிய டார்ச்சோடுதான் திரும்பி வருவோம். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். லேசான பனி இருந்த ஒரு ராத்திரி ஸ்விட்சைப் போட்டதும் முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் எழும்பியது, எனக்கு எதுவும் தெரியவில்லை, கூட வந்தவர் கண் கூசி என்னைத் திட்டினார், பக்கவாட்டில் போன படகுக்கோ நான் அங்கே இருப்பதே தெரியவில்லை.

கயாக்கில் உட்கார்ந்தால் தலை தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. அரை மீட்டர் அலை வந்தாலே பாதி உடம்பு மறைந்துவிடும். பின்னால் கரையில் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்தால் நம் சின்ன விளக்கு அதில் கரைந்துபோகும். அதனால் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி, எவ்வளவு பிரகாசம் என்பதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியுமா என்பதுதான்.

விதியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலில் மோதல் தடுப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை விளக்கு கட்டாயம். துடுப்புப் படகுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு: பக்க விளக்கெல்லாம் இல்லாவிட்டாலும், வெள்ளை ஒளி தரும் டார்ச்சோ லாந்தரோ கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரத்துக்கு முன்பே அதைக் காட்ட வேண்டும். மோட்டார் பொருத்திவிட்டால் நீங்கள் மோட்டார் படகு, அவ்வளவுதான். 7 மீட்டருக்குக் குறைவான நீளம், 7 நாட் (knot, மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் போகாத படகு என்றால் 360 டிகிரியும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கு போதும், முடிந்தால் பக்க விளக்குகளும் வைக்கச் சொல்கிறது விதி. ஏரி, ஆறு, அணை நீர்த்தேக்கம் போன்ற இடங்களில் தனி விதிகள் இருக்கலாம், அதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், கையில் டார்ச் வைத்திருந்தால் போதும் என்கிற சலுகையை நம்பி இறங்காதீர்கள். இரண்டு கையும் துடுப்பில் இருக்கும்போது டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கம்பத்தில் எப்போதும் எரியும் ஒரு வெள்ளை விளக்கு, அதோடு கையில் டார்ச், லைஃப் ஜாக்கெட்டில் இன்னொரு சின்ன விளக்கு. மூன்றும் வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் தேவை என்று கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதே விதிகளின் கணக்குப்படி 2 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய 4.3 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) போதும், 1 மைலுக்கு 0.9 போதும். ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர். 4.3 கேண்டெலாவை எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பினால்கூட ஐம்பத்துச் சொச்சம் லுமென்தான் ஆகும். ஆக, கம்ப விளக்குக்கு ஆயிரம் லுமென் தண்டம். "360 டிகிரி, 2 கடல் மைல்" என்று படகு விளக்குக்குரிய குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தளத்தில் தாழ்வாக ஒட்டினால் நம் முதுகே பாதித் திசையை மறைத்துவிடும். லைஃப் ஜாக்கெட்டின் பின்பக்கம் மாட்டினால் பின்னால் வருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். இருக்கைக்குப் பின்னால் ஒரு கம்பம் நட்டு, உட்கார்ந்தபடி உங்கள் தலைக்கு மேல் விளக்கு நிற்கும்படி வையுங்கள். அப்போதும் அதன் ஒளி துடுப்பிலும் தளத்திலும் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கலாம். விளக்குக்குக் கீழே தட்டு மாதிரி ஒரு மறைப்பு இருக்கிற மாடல் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் கறுப்பு பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டிச் சொருகலாம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு நொடி பளிச்சென்று அடித்தால் அத்தனையும் போச்சு. வேக்யூம் கப் வைத்து ஒட்டும் வகைகளை நான் நம்புவதில்லை. ஈரம், மணல், தளத்தின் வளைவு எல்லாம் சேர்ந்து எப்போது கழன்றுகொள்ளும் என்று சொல்ல முடியாது, அப்படித்தான் மாட்டுவீர்கள் என்றால் கூடவே ஒரு கயிறும் கட்டிவிடுங்கள்.

ஹெட்லேம்ப்பில் சிவப்பு ஒளி இருந்தால் வரைபடம் பார்க்க நல்லது, கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அது அதிகம் கெடுக்காது. ஆனால் வெளியே தெரியும்படி சிவப்பை எரியவிட்டுக்கொண்டு போகாதீர்கள். படகுலகில் சிவப்பு என்றால் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம். தனியாக ஒரு சிவப்பைப் பார்க்கிறவர், குறுக்கே போகும் படகின் இடப்பக்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார்.

மின்னி மின்னி எரிவது கவனத்தை ஈர்க்கும், அதனால் அதுவே போதும் என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம். மின்னும் ஒளியை வைத்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கணிப்பது கஷ்டம். கவனத்தை ஈர்க்கப் பளீர் பளீரென்று வெட்டும் ஒளியைத் தவிர்க்கச் சொல்கிறது சர்வதேச விதி. அமெரிக்க உள்நாட்டு நீர்வழிகளில் நிமிஷத்துக்கு 50 முதல் 70 முறை பளிச்சிடும் வெள்ளை ஒளி என்றால் ஆபத்து என்றே அர்த்தம். சாதாரணமாக நிலையான ஒளி, ஆபத்தில் மட்டும் மின்னல் ஒளி. ஸ்விட்சை ஒருமுறை அழுத்தினால் நேராக நிலையான ஒளி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் மின்னல் ஒளியைத் தாண்டித்தான் அணைக்க முடியும் என்றால் அந்த மாடலைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

சரி, இப்போது தண்ணீர் விவகாரம். பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி (IP) எண்ணைப் பாருங்கள். கடைசி இலக்கம்தான் தண்ணீருக்கானது. 4 என்றால் தெறிப்பு மட்டும் தாங்கும், கயாக்குக்கு உதவாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம். 8 என்றால் அதைவிடக் கடுமையான, தொடர்ந்த மூழ்கல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும், எழுதாத 8-க்கு மதிப்பில்லை. இன்னொன்று, 7 வாங்கிய விளக்கு வேகமாக அடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தமில்லை, அது 5, 6 எண்களின் சோதனை. அலை முகத்தில் அறையும் இடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு எண்ணும் போட்டதைத் தேடுங்கள்.

7-ஆம் எண்ணுக்கான மூழ்கல் சோதனையில் விளக்குக்கும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கதை அப்படியா? வெயிலில் நின்ற காருக்குள் சாயங்காலம் வரை வெந்துகொண்டிருந்த விளக்கை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் வளையத்தின் சின்ன இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். என்னுடைய ஒரு விளக்கு இப்படித்தான் செத்தது என்பது என் சந்தேகம். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே வெளியே எடுத்து நிழலில் ஆறவிடுங்கள். யூஎஸ்பி சார்ஜ் வகையில் அந்த ரப்பர் மூடிதான் பலவீனமான இடம். திருகித் திறக்கும் மூடி இருந்தால் நல்லது, வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், கையில் கிடைத்த பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போய்விடும். உப்புத் தண்ணீரில் போய் வந்தால் மூடியைத் திறக்காமல் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, துடைத்து, அப்புறம் திறங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும் என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 தரத்தில் "எரியும் நேரம்" என்பது ஒளி ஆரம்ப அளவின் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை. கடைசி மணி நேரங்களில் இருப்பது மினுக்கட்டாம்பூச்சி வெளிச்சம்தான். போகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஓடுகிற மாதிரி எடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் விளக்கு ஏன் என்றால், கயாக் கவிழ்ந்தால் கம்ப விளக்கு தலைகீழாகத் தண்ணீருக்குள் போய்விடும், சில சமயம் படகே கைவிட்டுப் போய்விடும். கப்பல்களின் லைஃப் ஜாக்கெட் விளக்குக்கு வைத்திருக்கும் அளவு 0.75 கேண்டெலா, குறைந்தது 8 மணி நேரம். இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நனைந்தால் தானே எரியும் வகை பெரிய படகுக்குச் சரி, கயாக்கில் முதல் தெறிப்பிலேயே எரிந்து தீர்ந்துவிடும். தோளுக்குப் பக்கத்தில், மிதக்கும்போது தண்ணீருக்கு மேலே நிற்கும் இடத்தில், கையால் போடும் வகையை மாட்டுங்கள். ஒடித்தால் ஒளிரும் ரசாயனக் குச்சி கூட்டாளிகளை அடையாளம் காண உதவும், மோட்டார் படகுக்கு எதிரான பாதுகாப்பு அது இல்லை.

வாங்கி வந்ததும் பேட்டரியை எடுத்துவிட்டு உள்ளே டிஷ்யூ காகிதத்தைத் திணித்து மூடி, வாளித் தண்ணீரில் ஏதாவது பாரம் வைத்து ஒரு ராத்திரி அமுக்கி வையுங்கள். காலையில் காகிதம் ஈரமாக இருந்தால் ரசீதைத் தேடுங்கள். பேட்டரி கழற்ற முடியாத வகை என்றால் எரியவிட்டே மூழ்கடித்து, கண்ணாடிக்குள் ஆவி படிகிறதா என்று பாருங்கள். மறக்காமல் ஈரக் கையுறையோடு ஒரு கையால் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீரில் ஒரு படகின் சிவப்பும் பச்சையும் ஒரே நேரத்தில் தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது. உடனே விலகத் தொடங்குங்கள், கை டார்ச்சை எடுங்கள், ஆனால் ஓட்டுகிறவர் கண்ணில் அடிக்காதீர்கள். உங்கள் துடுப்பின் மீதும் லைஃப் ஜாக்கெட் மீதும் அடியுங்கள். அசைகிற ஈரத் துடுப்பு ஒளியில் மின்னும்போது, அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்று அவருக்குப் புரியும்.