லினக்ஸில் டிபெண்டன்சி சிக்கினால் எங்கிருந்து பார்ப்பது

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் தொகுப்புகளை, நிறுவித் தரும் கருவி ஆப்ட். ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவைப்படும் பிற பேக்கேஜ்கள்தான் அதன் டிபெண்டன்சிகள். ஒரு மென்பொருளை நிறுவப் போகும்போது "அன்மெட் டிபெண்டன்சீஸ்" என்று ஆப்ட் கைவிரித்தால், கண்ணில் படும் கட்டளையை எல்லாம் டெர்மினலில் ஒட்டிப் பார்க்க வேண்டாம். முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுங்கள். பேக்கேஜ் பட்டியல் பழையதாக இருந்தாலே இந்தப் பிழை வரும். பாதியில் நின்ற நிறுவல் ஏதாவது இருந்தால் "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" அதை முடித்து வைக்கும். அதன் பிறகும் பிழை நின்றால், "டிபெண்ட்ஸ்" என்ற சொல் உள்ள வரியின் வால் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் அது மூன்று விதமாக முடியும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

"நாட் இன்ஸ்டாலபிள்" என்று முடிந்தால், அந்தப் பேக்கேஜ் உங்கள் ரெப்போக்கள் (ஆப்ட் பேக்கேஜ்களை எடுத்துவரும் களஞ்சியங்கள்) எதிலும் இல்லை என்று பொருள். "ஆப்ட்-கேஷ் பாலிசி" என்று அடித்து, பக்கத்தில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். கேண்டிடேட் (நிறுவக் கிடைக்கும் பதிப்பு) என்ற இடத்தில் "நன்" என்று இருக்கும், அல்லது ஒன்றுமே வராது. உபுண்டுவில் யூனிவர்ஸ் ரெப்போ அணைந்திருப்பது இதற்கு ஒரு வழக்கமான காரணம். "சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி யூனிவர்ஸ்" அதைத் திறந்துவிடும். பெயரின் முடிவில் ஐ386 என்று இருந்தால் கேட்பது 32 பிட் லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுக் கோப்பு). "சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386" கொடுத்துவிட்டு மறுபடி அப்டேட் செய்ய வேண்டும்.

"இஸ் டு பி இன்ஸ்டால்டு" என்று ஒரு பதிப்பு எண்ணோடு முடிந்தால், லைப்ரரி இருக்கிறது, பதிப்புதான் ஒத்துப்போகவில்லை. வெளி ரெப்போ ஒன்று லைப்ரரியைப் புதுப்பித்துவிட்டு, அதற்கேற்ற மற்ற பேக்கேஜ்களைத் தராமல் விட்டிருக்கும். இங்கேயும் பாலிசி கட்டளைதான் துப்புக் கொடுக்கும். மூன்று நட்சத்திரக் குறி உள்ள வரி, இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு. அதன் கீழே 500 என்ற எண்ணோடு ஒரு ரெப்போ முகவரி இருந்தால் அது இயல்பு. 100 என்ற எண்ணும் டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பும் மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பை இப்போது எந்த ரெப்போவும் தரவில்லை. என்றோ நீக்கிய ரெப்போவிலிருந்தோ தனிக் கோப்பிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பதிப்பு அது. அடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் அதுதான். பேக்கேஜ் பெயர், சமக்குறி, ரெப்போவில் உள்ள பதிப்பு எண் என்று இடைவெளி விடாமல் சேர்த்து ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, "நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு". குழப்பம் அதிகம் தருவது இதுதான். பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் அதற்கும் கீழே எங்கோ முடிச்சு. அந்தப் பெயரையே எடுத்து ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுங்கள். பிழை ஒரு படி கீழே நகரும். அங்கே வரும் பெயரையும் அப்படியே கொடுத்துப் பாருங்கள். இப்படி இறங்கினால் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளில் ஒன்றில் போய் நிற்கும், இல்லையென்றால் இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று மோதுவது தெரியும். கடைசியில் வரும் "ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" என்ற வரியைப் பார்த்து, எதையோ நிறுத்திவைத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். எதையும் நிறுத்தாதபோதும் அது வரும். சந்தேகம் இருந்தால் "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" சொல்லிவிடும்.

இறக்கிவைத்த டெப் கோப்பை "டிபிகேஜி -ஐ" மூலம் நிறுவினால், அது டிபெண்டன்சிகளைத் தேடிக் கொண்டுவராது. பாதி நிறுவிய நிலையில் விட்டுவிடும். கோப்புப் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் எல்லாம் சேர்ந்தே வரும். ஏற்கெனவே பாதியில் நின்றிருந்தால் "ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒய் அடிக்காதீர்கள். தேவையானது கிடைக்காவிட்டால், நீங்கள் நிறுவிய பேக்கேஜையே நீக்குவதுதான் அதற்குத் தெரிந்த தீர்வு. முதலில் "-எஸ்" சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். நீக்கும் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நிறுவல் முடிந்தும் சில நேரம், நிரலை ஓட்டும்போது ஒரு எஸ்ஓ கோப்பு (லைப்ரரிக் கோப்பு) கிடைக்கவில்லை என்று பிழை வரும். "எல்டிடி" கட்டளைக்கு நிரலின் முழுப் பாதையைக் கொடுத்தால், இல்லாத லைப்ரரிகளுக்கு எதிரே "நாட் ஃபவுண்ட்" என்று காட்டும். நம்பிக்கையில்லாத நிரலில் இதை ஓட்டாதீர்கள், அந்த நிரலே இயங்கிவிட வாய்ப்பு உண்டு. அதற்கு "ஆப்ஜ்டம்ப் -பி" போதும். எந்தப் பேக்கேஜில் அந்தக் கோப்பு இருக்கிறது என்று "ஆப்ட்-ஃபைல் சர்ச்" சொல்லும். ஃபெடோராவில் "டிஎன்எஃப் புரொவைட்ஸ்", ஆர்ச்சில் "பேக்மேன் -எஃப்".

இந்த இடத்தில் பலர் செய்யும் குறுக்குவழி, புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போடுவது. லைப்ரரிப் பெயரின் முடிவில் உள்ள எண் மாறியிருப்பதற்கே காரணம், உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் மாறிவிட்டன என்பதுதான். உபுண்டு 22.04, மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 3-ஆம் பதிப்புக்கு மாறி, 1.1 லைப்ரரியைக் கைவிட்டது. 3-ஐ 1.1 என்று பெயர் மாற்றிக் காட்டினால் நிரல் தொடங்கும்போதே விழும், அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது விழும். இரண்டாவது இன்னும் மோசம். உபுண்டு 24.04-இல் பிரச்சினை வேறு: 2038-ஆம் ஆண்டு நேரக் கணக்குச் சிக்கலுக்காகப் பல லைப்ரரிகளின் பெயரில் டி64 என்று ஒட்டு சேர்ந்தது. லிப்ஏசவுண்ட்2 என்று கேட்டால் விர்ச்சுவல் பேக்கேஜ் (வேறு பேக்கேஜ்கள் தரும் வெறும் பெயர்) என்று மறுக்கும், லிப்ஏசவுண்ட்2டி64 என்று கேட்டால் நிறுவிவிடும்.

சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்யும்போது ஹெடர் கோப்பு இல்லை என்று வந்தால், லைப்ரரி இருந்தும், ஹெடர் கோப்புகளைத் தரும் அதன் டெவ் பேக்கேஜ் இல்லை. ஃபெடோரா வகையில் அதன் பெயர் டெவெல் என்று முடியும். ஆர்ச்சில் பேக்மேனுக்கு "-எஸ்ஒய்" மட்டும் கொடுத்து ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவது வம்பு. பட்டியல் புதிது, மற்ற லைப்ரரிகள் பழையது என்று ஆகிவிடும். எப்போதும் "-எஸ்ஒய்யூ".

நிரல் உண்மையிலேயே பழைய லைப்ரரியைத்தான் கேட்கிறது என்றால், பழைய வெளியீட்டின் ரெப்போ வரியைச் சோர்சஸ் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஃபிளாட்பேக்காக (தேவையான லைப்ரரிகளோடு சேர்ந்தே வரும் வடிவம்) கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பழைய வெளியீட்டை ஒரு கண்டெய்னரில் (தனியே பிரித்துவைத்த சூழல்) எழுப்பி அதற்குள் ஓட்டுங்கள்.