காங்கோ வறுமைக்கு யார் காரணம்? எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க நாடுகளின் துயரத்துக்கு வெள்ளைக்காரன் காரணமா, உள்ளூர்த் தலைவர்களா என்று புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் காங்கோவில்தான் வந்து நிற்பார்கள். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருப்பதை மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை விட்டுவிடலாம். இங்கே பேசுவது கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ.

பழியைச் சதவீதமாகப் பிரிப்பது

"60 பங்கு வெளிநாடு, 40 பங்கு தலைவர்கள்." நடுநிலைபோலத் தெரியும் இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு என்று வைத்துக்கொண்டால்தான் இப்படிப் பிரிக்க முடியும். அவை தனித்தனி அல்ல.

1973 நவம்பரில் நாட்டின் அதிபர் மொபுட்டு வெளிநாட்டவரின் கடைகளையும் தோட்டங்களையும் பறித்துத் தன் ஆட்களுக்குப் பங்கு வைத்தார். பலர் இருந்த சரக்கை விற்றுக் காசாக்கினார்களே தவிர மறுபடி கொள்முதல் செய்யவில்லை, கடைகள் காலியாயின. இது முழுக்க உள்ளூர் முடிவு. நாட்டின் முக்கிய ஏற்றுமதி செம்பு. 1974-இல் உச்சத்துக்குப் போன அதன் விலை ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. இது உலகச் சந்தையின் வேலை.

ஆனால் கடன்? கேட்டவர் மொபுட்டு, கொடுத்தவை மேற்கத்திய வங்கிகள். இங்கா அணையிலிருந்து ஷாபா (கட்டாங்கா மாகாணத்தின் அன்றைய பெயர்) சுரங்கங்களுக்குச் சுமார் 1,700 கிலோமீட்டர் மின்தடம் போட அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் பணம் தந்தது. அது உயரழுத்த நேர்மின்னோட்டத் தடம். நடுவழியில் மின்சாரத்தை எளிதாகப் பிரித்தெடுக்க முடியாது. கம்பிக்கு அடியில் இருந்த ஊர்கள் இருட்டில் கிடந்தன, கடன் மட்டும் அவர்கள் தலையிலும் ஏறியது.

1978-இல் சர்வதேச நாணய நிதியம் எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மானியரை மத்திய வங்கியைச் சீர்செய்ய அனுப்பியது. மனிதர் ஓராண்டுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. கொடுத்த பணம் திரும்பி வராது என்று 1982 அறிக்கையில் பச்சையாகவே எழுதினார். அதற்குப் பிறகும் கடன் நிற்கவில்லை. பனிப்போரில் அங்கோலாவுக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டாளி மேற்குலகுக்குத் தேவைப்பட்டார். இதை எந்தச் சதவீதத்தில் அடைப்பது?

நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள்: முடிவெடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார், பணம் எங்கே போனது, தடுக்க முடிந்தவர் ஏன் தடுக்கவில்லை. கடைப் பறிப்புக்கு முதல் கேள்வியிலேயே பதில் முடிந்துவிடும். மின்தடத்துக்கு நான்கும் வேண்டும்.

லுமும்பா கொலையை வெளியார் கதையாக மட்டும் எழுதுவது

லுமும்பா, பெல்ஜியத்திடமிருந்து 1960-இல் விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர். 1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில் அவரைச் சுட்ட இடத்தில் பெல்ஜிய அதிகாரிகள் இருந்தார்கள். தனிநாடு என்று பிரிந்து நின்ற கட்டாங்காவின் தலைவர் சோம்பேயும் இருந்தார். லுமும்பாவை அங்கே விமானத்தில் அனுப்பி வைத்ததோ லியோபோல்ட்வில்லில் (இன்றைய கின்ஷாசா) இருந்த காங்கோ அரசு. பெல்ஜியம் 2002-இல் மன்னிப்புக் கேட்டது என்பதை எழுதுபவர்கள் அந்த விமானத்தையும் எழுத வேண்டும்.

போட்ஸ்வானாவைக் காட்டி வாயை அடைப்பது

கனிமம் இருந்தும் போட்ஸ்வானா முன்னேறியது, ஆகவே தப்பு காங்கோ தலைவர்களுடையதுதான் என்பார்கள். அங்கே ஒராப்பா வைரம் கிடைத்தது 1967-இல், சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு. கட்டாங்கா செம்பை 1960-க்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே யூனியன் மினியேர் என்ற பெல்ஜிய நிறுவனம் தோண்டிக்கொண்டிருந்தது. பேரம் தொடங்கிய இடமே வேறு.

லியோபோல்ட் காலச் சாவுகளுக்கு ஒரே எண்

பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் காங்கோவைத் தன் சொந்த உடைமையாக ஆண்ட காலத்தில் இத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரே எண் போட வேண்டாம். அன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கிடையாது.

"சீனாவின் புதுக் காலனி"

2008-இல் போட்ட சிக்கோமைன்ஸ் என்ற கூட்டுச் சுரங்க நிறுவன ஒப்பந்தத்தில் சீன நிறுவனங்களுக்கு 68 சதவீதப் பங்கு, காங்கோ அரசுச் சுரங்க நிறுவனமான ஜெகாமினுக்கு 32. கையெழுத்துப் போட்ட கின்ஷாசா தரப்பையும் சேர்த்து எழுதுங்கள்.