களரியில் வர்மம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைச் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாகக் களரி (பயிற்சிக்கூடம்) தொடங்கும் தம்பிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆசானே, பிள்ளைகளுக்கு வர்ம அடியை எப்போ தொடங்கலாம்?"

வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்தான உயிர்நிலை இடம். அந்த இடத்தைக் காட்டுங்கள். ஆள்மேல் அடிக்க விடாதீர்கள். பட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதற்கு அடுத்த நிலையான தொடுவர்மம் 96. எதையும் நான் விரல் நுனியால், அமுக்காமல்தான் காட்டுவேன். அடித்துப் பழக, வைக்கோல் திணித்த சாக்கு தொங்குகிறது.

கழுத்து விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இளகுவதில்லை. நான் படித்த காலத்தில், வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக மூத்தவர் ஒருவர் என் கூட்டாளியின் இடது கழுத்தில் கைவிளிம்பால் வெட்டினார். அவன் சரிந்தான். இளக்குமுறை (மயங்கியவரைத் தெளியவைக்கும் வர்ம முறை) செய்ததும் எழுந்தான், எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு வலக்கை தூக்க வரவில்லை, நாக்கும் குழறியது.

தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே அடி விழுந்தால், அழுத்தம் ஏறிவிட்டதென்று உடம்பு ஏமாந்து இதயத்துடிப்பைத் தணிக்கிறது, ஆள் மயங்குகிறான். அது தானாகவே தெளியும். இளக்குமுறையால்தான் எழுந்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தமனியின் உள்சுவர் கிழிந்திருந்தால் அங்கே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். சில மணி நேரத்திலும் வரும், சில நாள் கழித்தும் வரும். அதனால் கழுத்தில் அடிபட்டவனுக்கு எண்ணெய் போட்டுத் தடவாதீர்கள். ஒரு பக்கமாகக் கழுத்துவலி, புதிதாகத் தலைவலி, ஒரு கண்ணிமை தொங்குதல், வாய் கோணுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது நெஞ்சு. விலா இன்னும் முற்றாத பையன்களுக்கு, இதயத்துக்கு நேராக விழும் அடி, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துணுக்கில் பட்டுவிட்டால் இதயம் தாளம் கெட்டு வெறுமனே நடுங்கும். பெரிய பலம்கூட வேண்டாம். நெஞ்சுக்கவசம் போட்டவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. விழுந்தவன் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் மயக்கம் தெளிவிக்கும் வர்ம இடமான அடங்கலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை கை ஓயக்கூடாது. களரி தொடங்குமுன் இதை நீங்களும் மூத்த மாணவர் இருவரும் முறைப்படி கற்றுக்கொள்ளுங்கள்.

கன்னப்பொறியில் எலும்பு மெல்லிசு. உள்ளே தமனி ஓடுகிறது. அங்கே பட்டவன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மயங்கலாம், தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் நரம்பு எலும்பை ஒட்டிப் போகிறது. நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும். விதையில் பட்டு வலி தணியாவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு நோட்டு உண்டு. தவறுதலாக யாருக்கு எங்கே பட்டதென்று அன்றே எழுதுவேன். இரவு அவன் அம்மாவுக்குப் போன் செய்வேன். மூன்றாம் நாள் காலையிலும் செய்வேன்.