தூண்டில் குறிப்பேடு: எண்ணூர் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்கள் எழுதவேண்டிய முறை

குறிப்பேடு எழுதினால் மீன் கூடுதலாகக் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் ஒன்றும் படாமல் திரும்பிய நாளையும் அதில் எழுதியிருக்க வேண்டும். பெரிய கொடுவா பட்ட நாளை யாரும் மறப்பதில்லை. அதே இடத்தில், அதே இரையோடு சும்மா நின்ற நாள்கள்தான் நினைவிலிருந்து நழுவும். அவை நழுவியதும் அந்த இடம் ‘ராசியான இடம்’ ஆகிவிடுகிறது.

1. நோட்டு

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பென்சில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். பேனா வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் மை பரவிவிடும். செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. இறால் உரித்த கையோடு செல்போனைத் தொட மனம் வராது, அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிடுவோம். மீன் பட்டதும் ஒரு போட்டோ எடுங்கள், நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.

2. என்ன எழுதுவது

மாதிரிக்கு ஒரு பதிவு:

*ஞாயிறு, தேய்பிறை துவிதியை. பாலத்துக்குக் கிழக்கே. 5.40–8.40. ஓட்டம் 6.15க்குத் திரும்பி ஏற்றம். வாடை, லேசு. தெளிவு 2 ஜாண். உயிர் இறால், 4/0 முள். கொடுவா 1 (42 செ.மீ.), 7.10. கெளுத்தி 2.*

இதில் ஓட்டம் என்பது தண்ணீர் ஓடும் போக்கு. கடல் பக்கமிருந்து தண்ணீர் உள்ளே வருவது ஏற்றம், கடலுக்குத் திரும்புவது வற்றம். 4/0 என்பது தூண்டில் முள்ளின் அளவு. தெளிவை அளக்க, வெள்ளை டப்பா மூடியில் ஈயம் கட்டிக் கயிற்றில் இறக்குங்கள். மூடி கண்ணுக்கு மறையும் ஆழத்தை ஜாணில் எழுதுங்கள். ‘கொஞ்சம் கலங்கல்’ என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே விளங்காது.

3. தண்ணீர் திரும்பும் நேரம்

பலர் இடறுவது இங்கேதான். ‘காலை 7 மணிக்கு நன்றாக எடுத்தது’ என்ற குறிப்பால் பயனில்லை. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 7 மணிக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் வற்றிக்கொண்டிருக்கும். அதனால் ‘ஓட்டம் திரும்பி 1 மணி நேரம் கழித்து’ என்று எழுதுங்கள்.

ஏற்ற வற்ற அட்டவணையில் இருக்கும் நேரம் சென்னைத் துறைமுகத்துக்கானது. கழிமுகத்துக்குள், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போகப் போகத் தண்ணீர் தாமதமாகத்தான் திரும்பும். எவ்வளவு தாமதம் என்பது முகத்துவாரத்தில் மணல் எவ்வளவு மூடியிருக்கிறது, மேலிருந்து மழைநீர் வருகிறதா என்பதைப் பொறுத்தது. நீங்களே அளந்துவிடுங்கள். தண்ணீர் ஓரத்தில் குச்சி நட்டு மட்டத்தைப் பாருங்கள். கூடவே ஒரு தக்கையைப் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். மட்டம் ஏறத் தொடங்கிய பிறகும் ஓட்டம் கடல் பக்கமே போய்க்கொண்டிருக்கலாம். நோட்டில் ஏறவேண்டியது தக்கை சொல்லும் நேரம். பாலத்தூண் மறைவில் கொடுவா நிற்பது ஓட்டம் கொண்டுவரும் இரைக்காகத்தான்.

திதிக்கு வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்ற வற்றம் பெரிது. சென்னையில் அதுவே சுமார் 1 மீட்டர்தான். அட்டமியை ஒட்டி மிகக் குறைவு, ஓட்டமும் மந்தம்.

4. கணக்குப் பார்ப்பது

மீன் எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்காதீர்கள், மணிக் கணக்கால் வகுங்கள். வற்றத்தில் 12 மணி நேரம் நின்று 6 மீன், ஏற்றத்தில் 3 மணி நேரத்தில் 3 மீன் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது அதிகம் போலத் தோன்றும். ஆனால் மணிக்கு அரை மீன்தான். இரண்டாவது மணிக்கு ஒன்று. 3 மணி நேரம் என்பது முடிவு கட்டப் போதாது, அதனால் அடுத்த சில முறை ஏற்றத்துக்கே போய்ப் பாருங்கள். அப்போது இரையை மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் மீன் பட்டது என்று தெரியாது. எப்போதும் ஞாயிறு காலையில் மட்டும் போகிறவர் நோட்டு, ஞாயிறு காலையைத் தவிர எதைப் பற்றியும் சொல்லாது.

பெருவெள்ளம் வந்து முகத்துவாரம் மாறினால் நோட்டில் குறுக்கே கோடு போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகம் முழுக்கப் பரவியதே, அப்படியான நேரத்திலும் அதேதான். முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு தப்பும்.

பிற்சேர்க்கை: தூண்டில் வளைவில் நிற்பவர்களுக்கு

தூண்டில் வளைவு என்பது கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தடுப்பு. திருவொற்றியூர் பக்கம் அந்தக் கல் மேல் நின்று போடுகிறவர்களுக்கு ஏற்ற வற்றத்தைவிடக் கரையோர நீரோட்டமும் காற்றும்தான் முக்கியம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டியா, வடக்கிலிருந்து தெற்கே வரும் வன்னியா என்று எழுதுங்கள். வளைவின் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்பதும் வேண்டும். தெண்டியில் வடக்குப் பக்கம் தண்ணீர் மறைவாக இருக்கும், வன்னியில் தெற்குப் பக்கம். அலை கல் மேல் ஏறும் நாளில் போகவே வேண்டாம். அன்று ‘போகவில்லை, அலை’ என்று மட்டும் எழுதுங்கள். அதை மீன் படாத நாளாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது.