டீசல் பம்புக்கு மசகு அடிட்டிவ்: எந்த வண்டிக்கு, எது, எத்தனை மில்லி

பிஸ்டன், கிராங்க், பேரிங் எல்லாம் இன்ஜின் ஆயிலில் ஓடுபவை. டீசல் டேங்கில் எதை ஊற்றினாலும் அவற்றுக்கு மசகு கிடைக்காது. டீசலின் வழவழப்பை மட்டுமே நம்பி ஓடுவது பம்பும் இன்ஜெக்டரும்தான். அதனால் அடிட்டிவ் (டீசலில் கலக்கும் சேர்மானம்) வாங்கக் கடைக்குப் போகுமுன் பானெட்டைத் திறந்து, இருப்பது எந்தப் பம்ப் என்று பாருங்கள்.

மேலே வரிசையாக 4 அல்லது 6 பைப் கிளம்பினால் அது இன்லைன் பம்ப். பழைய லாரிகளிலும் பல டிராக்டர்களிலும் இதுதான். இதன் கேம், டேப்பட் பகுதி இன்ஜின் ஆயிலில் நனைகிறது. டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரும் அதன் உறையான பேரலும் மட்டும் டீசலில். கொஞ்சம் வறண்ட, அதாவது வழவழப்பு குறைந்த டீசலையும் இது தாங்கும். பைப்புகள் ஒரே தலையிலிருந்து வட்டமாகக் கிளம்பினால் ரோட்டரி பம்ப். இதற்குள் ஆயிலே கிடையாது, உள்ளே சுற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் டீசல்தான் ஆயில். சி.ஆர்.டி.ஐ. (ரெயில் என்னும் ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) வண்டியின் ஹை பிரஷர் பம்பும் பெரும்பாலும் அப்படியே, ஆனால் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகும். அடிட்டிவ் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் இந்த இரண்டு வகைக்காரர்கள்தான்.

டீசல் வறண்டது எப்படி? கந்தகத்தை எடுத்ததால் வழவழப்பு போயிற்று என்பார்கள். பாதி உண்மை. கந்தகம் மசகுப் பொருளே அல்ல. அதை நீக்க ரிஃபைனரியில் ஹைட்ரஜனைக் கொண்டு சுத்திகரிக்கும்போது, உலோகத்தின் மேல் ஒட்டிப் படலமாக நிற்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் என்னும் நம் நாட்டுப் புகை விதி) 3 காலத்தில் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) இருந்த கந்தகம், பி.எஸ். 4-இல் 50 ஆகி, பி.எஸ். 6 வந்த 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 ஆகிவிட்டது. இழந்த வழவழப்பை ரிஃபைனரியே ஓர் அடிட்டிவ் கலந்து ஈடுகட்டித்தான் அனுப்புகிறது.

டீசலின் வழவழப்பை அளக்கும் சோதனைக்கு எச்.எஃப்.ஆர்.ஆர். என்று பெயர். 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை, 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் வைத்து, 200 கிராம் எடையோடு 75 நிமிடம் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது நம் பி.எஸ். 6 டீசலுக்கும் ஐரோப்பிய டீசலுக்கும் உள்ள வரம்பு. அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். அங்கே எழுதப்பட்ட அடிட்டிவ் அறிவுரைகளை நம்மூர் டீசலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நல்ல பங்கில் டீசல் போட்டு தினமும் ஓடும் வண்டிக்கு அடிட்டிவ் அவசியம் என்று சொல்ல மாட்டோம். தேவைப்படும் இடங்கள் வேறு: மண்ணெண்ணெய்க் கலப்படம் சந்தேகப்படும் ஊர்களில் ஓடும் வண்டி (மண்ணெண்ணெய் கலந்தால் டீசலின் கெட்டித்தன்மையும் வழவழப்பும் சேர்ந்து குறையும்), கந்தகம் மிகுந்த டீசலை நம்பி வடிவமைத்த பழைய ரோட்டரி பம்ப், புதிதாக சர்வீஸ் செய்து மாட்டிய பம்ப். பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் முதலில் ஓனர் மேனுவலைப் படியுங்கள். அடிட்டிவ் கூடாது என்று அச்சிட்டிருந்தால் வாரன்டி முடியும்வரை பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

இனி பாட்டில். மைலேஜ் கூடும், புகை குறையும், பவர் ஏறும் என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் நாசில் கிளீனரும், டீசல் சட்டெனப் பற்ற உதவும் சீட்டேன் ஏற்றியும்தான், மசகு அல்ல. லேபிளில் லூப்ரிசிட்டி (வழவழப்பு) என்ற சொல், எச்.எஃப்.ஆர்.ஆர். எண், கலக்கும் விகிதம் ஆகிய மூன்றும் வேண்டும். விகிதம் போடாத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். ஆல்கஹால் கலந்தவை டீசலின் வழவழப்பையே குறைக்கும், வேண்டாம். டி.பி.எஃப். (புகையின் கரியைப் பிடிக்கும்) ஃபில்டர் உள்ள வண்டியில் சாம்பல் விடாத வகை என்று எழுதியிருப்பது கட்டாயம். சாம்பல் எரியாது, ரீஜெனரேஷன் (பிடித்த கரியை எரித்துத் தள்ளுவது) எத்தனை முறை நடந்தாலும் ஃபில்டருக்குள்ளேயே தங்கி அடைக்கும்.

அடுத்து தண்ணீர். சில அடிட்டிவ்கள் தண்ணீரை டீசலோடு பால் போலக் கலக்கிவிடும். செபரேட்டரில் பிரிய வேண்டிய தண்ணீர் நேராகப் பம்புக்குள் போய்விடும். வாங்கியதும் வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் டீசல் எடுத்து, லேபிள் விகிதப்படி அடிட்டிவ்வை சிரிஞ்சில் அளந்து விடுங்கள். 1:1000 என்றால் அரை மில்லி. 5 மில்லி தண்ணீர் சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் அடியில் தெளிவாக இறங்கினால் சரி. மறுநாளும் மங்கலாகவே நின்றால் அந்தப் பாட்டில் செபரேட்டர் உள்ள வண்டிக்கு உதவாது.

அளவுக் கணக்கு எளிது. 1:1000 என்றால் 50 லிட்டருக்கு 50 மில்லி, 1:500 என்றால் 100 மில்லி. டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் அடிட்டிவ்வை முதலில் ஊற்றி, மேலே டீசல் நிரப்புங்கள். விழும் வேகத்திலேயே கலந்துவிடும். டீசல் ஃபில்டருக்குள் நேரடியாக ஊற்றுவது தவறு. "கூடப் போட்டால் கூட நல்லது" என்பதும் தவறு. மசகு அடிட்டிவ் பலவும் கொழுப்பு அமில வகை. அமிலம் அதிகமாகி, இன்லைன் போல ஆயிலில் நனையும் பம்பில் கசியும் இன்ஜின் ஆயிலின் கால்சியத்தோடு சேர்ந்தால் சோப்பாகத் திரளும். சோப்பு ஃபில்டரை அடைக்கும், இன்ஜெக்டருக்குள் படியும்.

கைவைத்தியங்களையும் பார்த்துவிடுவோம். 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கொஞ்சம் வழவழப்பு தரும், ஆனால் அது இந்த வேலைக்குச் செய்தது அல்ல, டி.பி.எஃப். வண்டிக்கு ஆகவே ஆகாது. வடித்த பழைய இன்ஜின் ஆயில் என்பது கரியும் உலோகத்தூளும், பம்புக்கு நீங்களே போடும் மணல். பாமாயில், கடலை எண்ணெய் ஊற்றினால் நாசில் முனையில் கரி கட்டும். உண்மையில் மசகு தருவது பயோடீசல். 2 சதவீதம் போதும், 50 லிட்டருக்கு 1 லிட்டர். ஐ.எஸ். 15607 தரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். யாரோ டிரம்மில் காய்ச்சியது கூடாது. பயோடீசல் ஈரத்தை இழுக்கும், நாளாக நாளாகக் கெடும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டரில் கலக்காதீர்கள். இன்னொன்று: புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா கரைசலும் டீசல் சம்பந்தப்பட்டதுதானே என்று அதை டீசல் டேங்கில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

தேய்ந்துபோன பம்பை எந்த அடிட்டிவ்வும் திருப்பித் தராது. ரோட்டரி பம்ப் வண்டி காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடானபின் அணைத்தால் மறுபடி பிடிக்கவில்லை என்றால், பம்ப் தலையின் மேல் ஈரத் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். குளிர்ந்த தண்ணீரை நேரடியாகக் கொட்டாதீர்கள், ரோட்டர் இறுகிவிடலாம். துணி சுற்றியபின் பிடித்தால் உள்ளே இடைவெளி கூடியிருக்கிறது, சூட்டில் நீர்த்த டீசல் அதன் வழியே கசிகிறது என்று பொருள். அந்தப் பம்ப், சோதித்துச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் பெஞ்சுக்குப் போக வேண்டியது.

சி.ஆர்.டி.ஐ. வண்டியில் ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரின் டீசலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பாருங்கள். மினுமினுக்கும் வெள்ளித் தூள் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் டோ பண்ணி அனுப்புங்கள். பம்பை மட்டும் மாற்றினால் போதாது. ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன், டேங்க் வரை அந்தத் தூள் போயிருக்கும். மிச்சம் விட்ட இடத்திலிருந்து புதுப் பம்புக்குத் திரும்பி வரும்.