வீடு பார்க்கப் போகும்போது ஒரு துண்டு சோப்பு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்களா? காலி தண்ணீர் பாட்டிலும் ஒரு சிறு துண்டு குளியல் சோப்பும் எடுத்துப் போங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், குளியலறைக் குழாயில் பாதி பாட்டில் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் சரி. நுரை வராமல், வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தால் கடினத் தண்ணீர்.

தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடுவதால்தான் நுரை வருவதில்லை. அதே உப்புதான் பின்னால் கீசருக்குள் பொருக்காகப் படிந்து, ஷவர் ஓட்டைகளை அடைத்துச் செலவு வைக்கும்.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) 76 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கட்டும். ஷாம்பு, சலவைத்தூள் வேண்டாம். அவை கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். நகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும் வீட்டில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். மோட்டாரைப் போடச் சொல்லி, போர் தண்ணீரை நேராகப் பிடியுங்கள். வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் தண்ணீர் நல்லதாகத் தெரியலாம். கோடையில் எப்படி என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

குடிக்க உகந்ததா என்பதை இது சொல்லாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான்.