மாநிலக் குற்றச் சட்டத்தில் திருத்தம் கோரும் முன் வரையறையைப் படியுங்கள்

அமெரிக்காவில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் உங்கள் மாநிலச் சட்டம் கைப்பேசிக் காலத்துக்கு முன்பே எழுதப்பட்டதாக இருந்தால், அதைத் திருத்தும்படி சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதலாம். ஆனால் தண்டனைப் பிரிவைப் பார்ப்பதற்கு முன் வரையறைப் பிரிவைப் படியுங்கள். நீதிமன்றத்தில் சட்டம் செல்லுமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

உண்மையான குழந்தையைப் பயன்படுத்தி எடுத்த பாலியல் படங்களுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று 1982ஆம் ஆண்டு ஃபெர்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2002இல், ஆஷ்கிராஃப்ட் வழக்கில், குழந்தையைப் போலத் தோன்றும் உருவங்களையும் தடைசெய்த கூட்டாட்சிச் சட்டப் பிரிவை, அவற்றின் தயாரிப்பில் எந்தக் குழந்தையும் பாதிக்கப்படவில்லை என்பதை முக்கியக் காரணமாகக் காட்டி, அதே நீதிமன்றம் ரத்து செய்தது. செயற்கை நுண்ணறிவுப் படங்கள் அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் தடைசெய்யும் மசோதா இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு தனி உட்பிரிவுகளைக் கேளுங்கள். அடையாளம் காணத்தக்க ஒரு குழந்தையின் முகத்தை ஒட்டி உருவாக்கிய படம் ஒன்றில் வரட்டும். முழுவதும் கணினியே உருவாக்கிய படம் மற்றொன்றில், 1973ஆம் ஆண்டு மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எது ஆபாசம் என்று தீர்மானிக்க வகுத்த அளவுகோலுக்கு உட்பட்டு வரட்டும். 2003ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் ஆபாசம் என்ற வழியைக் கையாண்டது. ஓர் உட்பிரிவு செல்லாமற்போனாலும் மற்றது நிலைக்கும் என்ற விதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டிப் பணமோ மேலும் படங்களோ பறிப்பதைப் பழைய மிரட்டல் பிரிவுகளுக்குள் அடக்குவது கடினம். பல பிரிவுகள் பணத்தையும் சொத்தையும் மட்டுமே மனத்தில் கொண்டவை. தென் கரோலினா 2023இல் இதைத் தனிப் பெருங்குற்றமாக்கியது. அந்தச் சட்ட வாசகத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்.

கடுமை கூடும்போது குழந்தைகளே சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதை மனுதாரர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். தன் படத்தைத் தானே அனுப்பிய சிறுமியைக் குற்றவாளியாக்கும் சட்டம் யாரைக் காக்கிறது? டெக்சஸ் 2011இல் இதற்கெனக் குறைந்த தண்டனையும் கல்வித் திட்டமும் கொண்ட தனிப் பிரிவை இயற்றியது.

குற்றவாளி வேறு மாநிலத்தில் இருந்தாலும் குழந்தை இங்கே இருந்தால் வழக்குத் தொடரலாம் என்று அதிகார வரம்பைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சமூக ஊடக நிறுவனங்களை மாநிலக் குற்றச் சட்டத்தில் இழுப்பதைக் பயனர்கள் இடும் பதிவுகளுக்கு இணைய நிறுவனங்களைப் பொறுப்பாக்காத கூட்டாட்சிச் சட்டத்தின் 230ஆம் பிரிவு பெருமளவு தடுப்பதால், அந்தக் கோரிக்கையைத் தனி மனுவாக வையுங்கள். திருத்த வாசகத்தைப் பிரிவு எண்ணுடன் எழுதி, மசோதா சட்டமன்றக் குழுவின் விசாரணைக்கு வரும் முன்பே மாவட்ட அரசு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, அதைக் கொண்டு அவரால் வழக்கு நடத்த முடியுமா என்று கேளுங்கள்.